போனைப் பிடுங்குகிறோம், சாவியைக் கொடுக்கிறோம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் சர்க்கரை, முட்டிவலி, பென்ஷன் என்று ஒரு சுற்று வந்துவிட்டு, கடைசியில் பேச்சு பேரப்பிள்ளைகளின் செல்போனில் வந்து நிற்கும். சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடை பெஞ்சும் இதற்கு விலக்கல்ல. போன வாரம் ஒரு நண்பர், "இந்தக் கார் ரேஸ் கேமையெல்லாம் கவர்ன்மென்ட் தடை பண்ணணும் சார். ஜி.எஸ்.டி. ரோட்டுல பசங்க இப்படிப் பறக்கிறதுக்கு அதுதான் காரணம்" என்றார். பெஞ்சில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் தன் பேரன் பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு அவனுக்குப் பைக் வாங்கிக் கொடுத்தவர். பிளஸ் ஒன் என்றால் பதினாறு வயது. அதை யாரும் அங்கே எடுக்கவில்லை. காலை நேரத்தில் மனஸ்தாபம் வேண்டாம் என்று நானும் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இங்கே எழுதுகிறேன். அவர் இன்டர்நெட் பக்கம் வருவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன் போனில் கார் ஓட்டினால் ஓட்டட்டும். வீட்டு வண்டியின் சாவி மட்டும் அவன் கைக்குப் போகக் கூடாது. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. பரீட்சை வந்தால் போனைப் பிடுங்கி பீரோவில் வைக்கிறோம். அதே பையனிடம், "டேய், ஓடிப்போய் அரை லிட்டர் பால் வாங்கிட்டு வா" என்று ஸ்கூட்டர் சாவியை நாமே நீட்டுகிறோம்.

இந்த விளையாட்டுகளைப் பார்க்காமலே திட்டுகிறவர்கள்தான் அதிகம் என்பதால், அவை எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மகன் கல்லூரியில் படித்த காலத்தில், 2003-ஆம் ஆண்டு கடைசியில், 'நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்' என்று ஒன்று வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வெளியீடு. பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் மணிக்கணக்கில் காத்திருந்து விளையாடியது இதைத்தான். மறு வருஷமே இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. முதலில் உங்களுக்கு ஒரு சாதாரண கார்தான் கிடைக்கும். ராத்திரியில் நகரத்துத் தெருக்களில் மற்றவர்களோடு ரேஸ் விட வேண்டும். ஜெயித்தால் காசு. அந்தக் காசில் காருக்குப் புது பம்பர், பின்பக்கம் இறக்கை, அடியில் நீலமும் பச்சையுமாக எரியும் நியான் விளக்கு, உடம்பெல்லாம் ஸ்டிக்கர், எஞ்சினுக்கு நைட்ரஸ் என்று மாட்டிக்கொண்டே போகலாம். வண்டி எவ்வளவு பகட்டாக இருக்கிறதோ, ரேஸில் கிடைக்கும் 'ஸ்டைல்' மதிப்பெண்ணும் அவ்வளவு பெருகும். வேகத்துக்குச் சமமாக அலங்காரத்துக்கும் மதிப்பெண் போட்டதுதான் அந்த விளையாட்டின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். பதினெட்டு வயதுக்காரனின் மனசை நன்றாகப் படித்தவர்கள் செய்த வேலை.

அதில் ஓட்டக் கிடைத்த கார்களில் பெஜோ 206-ம் ஒன்று. சிறுவயதில் புதுச்சேரித் தெருக்களில் பெஜோ, சித்ரோயன் வண்டிகளை வாய்பிளந்து பார்த்தவன் நான். மகனின் கம்ப்யூட்டரில் அந்தச் சிங்கச் சின்னத்தைக் கண்டதும் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்.

இப்போது பேரன் காலம். அவனுக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், பிரவுசிங் சென்டரும் வேண்டாம். கையில் இருக்கும் போனிலேயே 'அஸ்பால்ட்'. தார்ச்சாலை என்று அர்த்தம். இதைச் செய்கிற கேம்லாஃப்ட் பாரிஸில் தலைமையிடம் வைத்துள்ள பிரெஞ்சுக் கம்பெனி. முதல் அஸ்பால்ட் 2004-இல் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்கு அதிகமாக வந்து சேர்ந்தது 2013-இல் வெளியான எட்டாவது. கார் ஆகாயத்தில் பறக்கும், பல்டி அடிக்கும், பக்கத்துக் காரை இடித்துத் தள்ளினால் பரிசும் உண்டு. சுவரில் மோதினால் வண்டி நசுங்கி, கண்ணாடி தெறித்து, மெதுவாக ஒரு காட்சி காட்டுவார்கள். இரண்டு மூன்று விநாடிதான். அதே வண்டி கீறல்கூட இல்லாமல் மறுபடி ரோட்டில் நிற்கும்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. அப்புறம் பிடிபட்டது.

"ஏண்டா, இந்த ஊர்ல ஜனங்களே கிடையாதா? ரோட்டைக் கிராஸ் பண்ண ஒரு ஆளைக் காணோமே."

"ஜனங்க குறுக்க வந்தா அப்புறம் கேமை எப்படி தாத்தா விளையாடறது?"

எவ்வளவு சரியான பதில் பாருங்கள். செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. தெருவில் மனிதர்கள் இருந்தால் அந்த வேகத்தில் ஓட்ட முடியாது. ஆகவே தெருவிலிருந்து மனிதர்களை எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய அண்டர்கிரவுண்டிலும் நடந்து ரோட்டைக் கடக்க ஒருவர் வரமாட்டார். போலீஸ்கூடக் கிடையாது, 2005-இல் வந்த 'மோஸ்ட் வாண்டெட்'டில்தான் போலீசைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நம் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள். ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் பக்கம் ஓடுகிறவர்கள். பாடலாத்ரி நரசிம்மர் கோயில் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவர்கள். பௌர்ணமியன்று குன்றைச் சுற்றி வரும் கூட்டம், அதில் பாதிப் பேர் நம்மைவிட மூத்தவர்கள். இவர்கள் யாரையும் எடுத்துவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டை ரேஸுக்குத் தயார் செய்ய முடியாது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் ஈ.சி.ஆரில் ஏறிவிட்டால் ரோடு அகலம்தான், கடற்காற்றும் வரும். ஆனால் அதன் இருபுறமும் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. வலை பழுது பார்க்கிறவர் ரோட்டைக் கடந்துதான் டீ குடிக்கப் போக வேண்டும்.

விளையாட்டு கெடுத்துவிட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் புதுச்சேரியில் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளின் கோப்புகளைப் பார்த்த எழுத்தர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதிய மனுக்களைப் படித்து, தமிழில் சாட்சி சொன்னவர்களைக் கேட்டுக் காலம் தள்ளியவன். யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டுக்கு வந்தது 1985-இல். கடற்கரைச் சாலையில் அதை முறுக்கிக்கொண்டு போய் விழுந்தவர்களின் கோப்புகள் என் மேஜைக்கு வந்தபோது, நம் நாட்டில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கு முன்பு ஜாவா, யெஸ்டி. வேக வெறி செல்போனில் பிறந்ததல்ல.

அந்தக் கோப்புகளின் கணக்கைக் கொஞ்சம் சொல்லட்டுமா? 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அட்டவணை கொடுத்தது. இறந்தவரின் வயதுக்கு ஏற்றபடி ஒரு பெருக்கல் எண். 15-லிருந்து 25 வரை 18. வயது கூடக் கூட எண் குறைந்துகொண்டே வரும். 65-ஐத் தாண்டினால் 5. ஆம், நமக்கெல்லாம் 5. கல்யாணமாகாத பையன் என்றால் அவன் சம்பளத்தில் பாதியை அவனுடைய சொந்தச் செலவு என்று கழித்துவிட வேண்டும். மாதம் 20,000 சம்பாதித்த 22 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 2,40,000. பாதி போனால் 1,20,000. அதை 18-ஆல் பெருக்கினால் 21,60,000. பிற்காலத் தீர்ப்புகளில் எதிர்கால வருமானம் என்று இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெருக்கலை நான் பென்சிலால் போட்டு, கால்குலேட்டரில் சரிபார்த்து, அதிகாரி முன் வைப்பேன். வராந்தாவில் பையனுடைய அம்மா உட்கார்ந்திருப்பார்.

இது பையன்மீது தப்பில்லாதபோது கிடைப்பது. அவனே வேகமாகப் போய், அவனே விழுந்தான் என்றால் இந்தப் பெருக்கலுக்கே வேலை இல்லை. தன் தவறால் இறந்தவருக்காக அவர் குடும்பம் இழப்பீடு கேட்டு நிற்க முடியாது. இனி மறுபக்கம். லைசென்ஸ் இல்லாத பையன் நடந்து போனவரை இடித்துவிட்டால், பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிவிட்டு வண்டியின் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள் என்பார்கள். சொந்தக்காரர் யார்? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர். அநேக வீடுகளில் அது தாத்தாதான்! கிராஜுவிட்டிப் பணத்தில் வாங்கிய ஸ்கூட்டர், நம் பெயரில்தானே இருக்கிறது?

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவரோ, வண்டியின் சொந்தக்காரரோதான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான், நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன் என்றால், அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சாவியை ஹாலில் ஆணியில் மாட்டி வைத்திருப்பவர் என்ன நிரூபிப்பார்?

இனி அலங்கார விஷயம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022 வரை கார் செய்தது. மகிந்திரா வேர்ல்ட் சிட்டிக்குள் 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ. இந்தப் பக்கம் ஒரகடத்தில் ரெனோ நிசான், ராயல் என்ஃபீல்டு. நம் தெருப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்த ஆலைகளிலும், இவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகளிலும் சட்டை அழுக்காக வேலை பார்க்கிறார்கள். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு அங்கே கணக்கு உண்டு. போதாததற்கு ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்றையும் மத்திய அரசு கட்டியிருக்கிறது. பிரேக், புகை, சத்தம், மோதினால் தாங்குமா என்பதெல்லாம் சோதித்துச் சான்று தரும் இடம். இப்படியெல்லாம் சோதித்து வெளியே வருகிற புல்லட்டை வாங்கி, மறுநாளே ஒரு பட்டறையில் விட்டு, அரை மணி நேரத்தில் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெடிச்சத்தம் போடும் குழாயை மாட்டுகிறார்கள். பக்கக் கண்ணாடி இரண்டும் கழன்றுவிடும். நம்பர் பிளேட்டில் நம்பர் மட்டும் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு அது நம் ஜன்னலைத் தாண்டும்போது, ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியைக் கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. இதில் மாற்றியவன் என்று சட்டம் பார்ப்பதும் வண்டியின் சொந்தக்காரரைத்தான்.

ஆகவே நான் பேரனிடம் சொன்னது இதுதான். போனில் இருக்கும் காருக்கு என்ன வர்ணம் வேண்டுமானாலும் அடி. இறக்கை வை, நியான் போடு, சைலன்சரை மாற்று. அந்த ஊரில்தான் தூங்குவதற்கு ஆள் இல்லையே! ஆசை தீர அலங்கரித்துப் பார்க்க அதைவிட நல்ல பட்டறை கிடையாது. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே போனபின் கார் வாங்கவும், காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் நிஜப் பணம் கேட்கிறார்கள். அந்த இடத்தில் என் யு.பி.ஐ. ரகசிய எண் வேலை செய்யாது. கண் கெடுகிறது, படிப்பு கெடுகிறது என்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. மணிக்கணக்கை அளந்து விடுவது பெற்றவர்கள் பாடு. அந்தக் கேடுகளைத் திருத்திக்கொள்ள காலம் இருக்கிறது. நான் பார்த்த கோப்புகளில் அது இல்லை.

தெருவில் ரேஸ் என்பது ஒன்றும் புதுசல்ல. பிரெஞ்சுக்காரர்கள்தான் அதைத் தொடங்கியவர்கள், முதலில் சூடுபட்டவர்களும் அவர்களே. 1903 மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை பொதுச்சாலையில் கார்ப் பந்தயம் வைத்தார்கள். வழியெல்லாம் வேடிக்கை பார்க்க ஜனங்கள். ரெனோ கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ அதில் அடிபட்டு இறந்தார். ஓட்டியவர்கள் மட்டுமல்ல, பார்க்க வந்தவர்களும் செத்தார்கள். பொர்தோ நகரத்தோடு அரசாங்கம் பந்தயத்தை நிறுத்திவிட்டது. ஊருக்கு ஊர் பொதுச்சாலையில் ஓடும் பந்தயங்களின் காலம் அங்கே ஏறக்குறைய அதோடு முடிந்தது. மார்செலின் குடும்பப் பெயரைத்தான் ஒரகடம் போகும் வழியில் பலகையில் நாம் பார்க்கிறோம்.

அதே பிரான்ஸில் இன்றைக்கும் பையன்கள் தெருவில் வீலிங் விடுகிறார்கள். அங்கே அதை 'ரொதேயோ' என்கிறார்கள், மாட்டைப் பிடித்துச் சவாரி செய்யும் அமெரிக்க விளையாட்டின் பெயர். 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். ஒரு வருஷம் சிறை, 15,000 யூரோ அபராதம். அஸ்பால்ட் விளையாட்டைச் செய்து உலகமெங்கும் விற்கிற நாடும் அதுதான். அவர்கள் விளையாட்டைத் தடை செய்யவில்லை, தெருவைத்தான் காவல் செய்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது.

இன்னொரு சின்ன விஷயம். பிரெஞ்சில் 'ழூ' என்றால் விளையாட்டு. மெக்கானிக் ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்த்து, தளர்ந்து கிடந்தால் அதற்கும் 'ழூ' என்பார். தமிழிலும் பாருங்கள், வீல் 'ஆட்டம்' கொடுக்கிறது என்கிறோம். இரண்டு மொழி மெக்கானிக்குகளும் பேசி வைத்துக்கொண்டது போல.

சரி, வேகத்தின் மேல் நிஜமாகவே ஆசை கொண்ட பையனுக்கு என்ன வழி? வழி இருக்கிறது, நம் பக்கத்திலேயே. நம் தலைமுறைக்குச் சோழவரம் ஞாபகம் இருக்கும். யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயம். அதே கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் சொந்தமாக ஓடுபாதை திறந்தது. நம் ஊர் ஜங்ஷனில் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் காலை டிபனுக்குப் பிறகு கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். தெருவிலேயே ரேஸ் நடந்ததையும் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர், இரவு நேரத்தில். ரோட்டை மூடி, இருபுறமும் தடுப்பு கட்டி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, அவ்வளவுக்குப் பிறகும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் சான்றிதழ் வரத் தாமதமானதால் முதல் நாள் ஓட்டம் தள்ளிப்போனது. தொழில்முறை ஓட்டுநர்களையே ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்க வைத்தார்கள். நம் பையன் பால் வாங்கப் போகும் சாக்கில் புறப்பட்டுவிடுகிறான்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். தலையிலிருந்து கால் வரை கவசம் போட்டுக்கொண்டு, பாதையில் குறுக்கே ஒருவரும் வராதபடி ஆட்கள் கொடியோடு நிற்க, அப்படித்தான் நிஜ ரேஸ் ஓட்டுகிறார்கள் என்று அவன் ஒரு முறை கண்ணால் பார்க்கட்டும். வருகிற மாசியில் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. செங்கல்பட்டில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கட்டும். அதுவரை பாலுக்கு நான் நடந்து போகிறேன். டாக்டரும் நடக்கத்தான் சொல்கிறார். ஸ்கூட்டர் சாவி பீரோவில், என் பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. "மாமா, அவசரத்துக்கு வேணுமே" என்று மருமகள் கேட்டாள். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது, அதனால் அவளுக்கு ஒரு சாவி கொடுத்துவிட்டேன்.